பதில் ஹாரன்

ஜூன் 3, செவ்வாய்

நிவேதா புத்தாண்டுக்கு வாங்கிக் கொடுத்த டைரி. இத்தனை நாள் மருந்துச் சீட்டுகளை மடித்து வைக்கத்தான் பயன்பட்டது. "எரிச்சல் வந்தா இதுல எழுதும்மா. அப்பா மேல காட்டாத" என்று நேற்றும் போனில் சொன்னாள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது சுலபம். நான் எங்கே இவர்மேல் காட்டினேன்? வாயில் ஊட்டிய கஞ்சியை என் புடவையிலேயே துப்பினால், "ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று கேட்கக்கூடக் கூடாதா?

சரி, எழுதுகிறேன். எழுத விஷயத்துக்கா பஞ்சம்! விடிந்ததும் தக்காளி வண்டிக்காரனின் ரெக்கார்டு குரல். தக்காளி தீர்ந்த பிறகும் அந்தக் குரல் மட்டும் தெருவைச் சுற்றுகிறது. பிறகு பக்கத்து வீட்டு ஜோதிமணியின் மகன் மொட்டை மாடியில் செல்போனை அலறவிட்டு உடற்பயிற்சி செய்கிறான். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறதே எதிர்வீட்டு வேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளை ஆம்னி வேன். அவர் பெயர் தண்டபாணி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம். கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தி, பாம்... பாம் பாம் என்று அடிப்பார். உள்ளேயிருந்து யாரும் வருவதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானே இறங்கி கேட்டைத் திறந்துகொள்வார். தானே இறங்கப் போகிற மனிதர் எதற்கு ஹாரன் அடிக்க வேண்டும்?

ஹாரன் கேட்டதும் இவருக்கும் ஆத்திரம் வந்துவிடுகிறது. எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் டங் டங் டங் என்று அடிக்கிறார்.

ஜூன் 7, சனி

இவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் மனைவியும் பார்க்க வந்தார்கள். "இன்னும் அப்பிடியேதான் இருக்கறாருங்களா?" என்று இவர் காதுபடவே கேட்டாள் அந்த மகராசி. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார் தம்பி. சொல்லிவிட்டு இரண்டு தட்டு முறுக்கைக் காலி செய்தார். போகும்போது கேட்டைச் சாத்தவில்லை, மாடு உள்ளே வந்து கறிவேப்பிலைச் செடியை மேய்ந்துவிட்டது.

இவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். தீபாவளிக்கு மறுநாள் விழுந்தவர். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. மாடி வீடு சரிப்படாது என்று தை மாதம் இந்தத் தெருவில் கீழ்வீடாகப் பார்த்து வந்தோம். மிச்சம் இருப்பது இடது கை. அந்தக் கையில் டம்ளர். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தட்டு, திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் இரண்டு தட்டு, மற்றதற்கு விடாமல் தட்டு. நிவேதா ரிமோட் பெல் ஒன்று வாங்கி அனுப்பினாள். இவர் அதைத் தொடவே இல்லை. டம்ளரின் விளிம்பு நெளிந்தே போய்விட்டது.

ஜூன் 11, புதன்

இருபத்தெட்டு வருடம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். அந்தப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்து பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார் ஒருவர். மூக்கை உறிஞ்சுவார் ஒருவர். மேஜையில் தாளம் போடுவார் இன்னொருவர். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அப்போதே நிறைய யோசித்திருக்கிறேன். இந்த உலகத்தில் தான் ஒருவன் மட்டும் இருப்பதாக நினைப்பவன்தான் சத்தம் போடுவான். பக்கத்தில் இன்னொரு ஜீவன் இருப்பது அவன் மூளைக்கு எட்டாது. இதுதான் நான் கண்ட முடிவு.

இன்றும் ஹாரன். இவரும் தட்டினார். நான் ஜன்னலைச் சாத்தினேன். இவர் என்னை முறைத்தார். காற்று வரட்டும் என்கிறார்போல. திறந்து வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி. இவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன், தாடையில் லேசாகக் கீறிவிட்டது.

ஹாரன் விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள். கட்டிக்கொண்டவரே மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ் ஓட்டினவர். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன் என்று தன் பஸ்ஸிலேயே ஏற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார். வளைவுக்கு வளைவு ஹாரன். குன்னூர் வருவதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. "எதுக்குங்க இத்தனை ஹாரன்?" என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னார்: "மரகதம், கொண்டை ஊசில எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியாது. நாம ஹாரன் அடிக்கோணும். பதில் ஹாரன் வந்தா நிக்கோணும், எதிர்ல ஆள் இருக்குதுன்னு அர்த்தம். பதில் வரலீன்னா ரோடு காலி. போயிட்டே இருக்கலாம்."

அன்றைக்கு நான் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். படகில் ஏறாமலே திரும்பி வந்தோம்.

ஜூன் 19, வியாழன்

இன்று போய்ச் சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் பொறுப்பது?

வேன் வந்து நின்றதும் நேராக எதிர்வீட்டு கேட்டுக்குப் போனேன். அறுபதைத் தொடும் வயது இருக்கும் தண்டபாணிக்கு. நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் கறை.

"ஏனுங்க, நீங்க அடிக்கற ஹாரன்ல எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பத் தொந்தரவா இருக்குது. உடம்புக்கு முடியாதவருங்க" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவருக்குத் தொந்தரவுங்களா? அவரு ஏதோ தட்டுவாரில்லீங்களா..."

"எரிச்சல்லதானுங்க தட்டறாரு. பேச்சு வராதவரு வேற என்னதான் பண்ணுவாரு?"

"எரிச்சல்லயா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "நான் வேற மாதிரி நெனச்சுட்டனுங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இனி அடிக்க மாட்டனுங்க" என்றார்.

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் மாசி மாதமே போயிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

ஹாரன் இல்லை. அப்பாடா.

ஜூன் 23, திங்கள்

வேன் சத்தமில்லாமல் வருகிறது. கேட் கிறீச்சிடுவது மட்டும் கேட்கிறது. இப்போது புதுத் தலைவலி இவருடையது. விளக்கு வைக்கிற நேரமானால் தட்டத் தொடங்கிவிடுகிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் வேண்டாம், திரும்பிப் படுக்க வேண்டாம், எதுவும் வேண்டாம். என்னைப் பார்ப்பதுகூட இல்லை, ஜன்னலைத்தான் பார்க்கிறார். தட்டுவது, நிறுத்துவது, பிறகு மறுபடி தட்டுவது. ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை கத்திவிட்டேன். ஜோதிமணி வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 27, வெள்ளி

கடைவீதிக்குப் போய்ப் பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்தேன். நீல நிறம், பிடி வைத்தது. பிடித்துக்கொள்ள வசதி என்று கடைக்காரரே சொன்னார். நெளிந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டேன். இவர் புது டம்ளரைக் கம்பியில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். டொக் என்றது. என்னைப் பார்த்தார். பிறகு தட்டவில்லை.

வீட்டில் சாயங்காலம் என்பது இத்தனை அமைதியாக இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. காப்பி போட்டு உட்கார்ந்து குடித்தேன்.

ஜூலை 2, புதன்

மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் படுக்கை முழுக்க நனைந்திருக்கிறது. வெகு நேரம் அப்படியே கிடந்திருக்கிறார்போல, முதுகெல்லாம் சில்லிட்டிருந்தது. "கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?" என்றேன். நீல டம்ளர் கையிலேயே இருந்தது. இடது கை விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

துவைத்துப் போட்டேன். சாரல் விட்டபாடில்லை, காயுமா தெரியவில்லை.

ஜூலை 5, சனி

ஜோதிமணி மோர் உறை வாங்க வந்தாள். உறை வாங்க வந்தவள் ஊர்க்கதை சொல்லாமல் போவாளா?

"ஏனக்கா, தண்டபாணி அண்ணனுகிட்ட ஹாரன் அடிக்க வேண்டாம்னு சொன்னீங்களாமா?"

"ஆமா. அவரு சம்சாரம் வந்து கேட்டைத் திறக்காததுக்கு ஊரே காதைப் பொத்திக்கணுமா?"

ஜோதிமணி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா? வசந்தாமணியக்கா செத்து ரெண்டு வருசமாச்சுங்க. இருந்தவரைக்கும் அந்த ஹாரன் கேட்டா அடுப்புல என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடியாருவாங்க. புள்ளைங்களும் கெடையாது. ஒத்தையாத்தான் கெடக்கறாரு மனுசன்."

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே. செத்துப்போனவளுக்கு ஹாரன் அடித்தால் எழுந்து வருவாளா? வந்தவளுக்கு உறை மோர் கொடுத்தேன். கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிட்டேன்போல, எங்களுக்கு மிச்சமில்லை.

ஜூலை 9, புதன்

இரண்டு நாளாக இவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. நெஞ்சில் சளி கரகரவென்று இழுக்கிறது. துப்பினாலாவது திட்டலாம், துப்பவும் இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நிவேதா கிளம்பி வருகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். "பெரிசா பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லும்போது அந்த டாக்டர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நிவேதா மருந்துக் கடைக்குப் போனாள். ஆண் துணை இல்லாமல் ஆம்புலன்சிலிருந்து எப்படி இறக்குவது என்று நான் திகைத்து நின்றபோது, எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு தண்டபாணி வந்தார். கேட்காமலே இவர் தோளுக்குக் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்.

போகாமல் நின்றார். கட்டில் கம்பியைத் தடவிப் பார்த்தார். "இதுலயாங்கம்மா தட்டுவாரு?"

ஆமாம் என்றேன்.

"வசந்தாமணி போனப்புறம் பழக்க தோசத்துல ஹாரன் அடிச்சிருவனுங்க. கை தானாப் போயிரும். அடிச்சுட்டு, அடச்சேன்னு எறங்குவன். தை மாசம் ஒரு நாள் அடிக்கறேன், உங்க ஊட்டுலிருந்து டங் டங்குன்னு சத்தம் வருது. மறுநாளும் வந்துச்சு. அவ அடுப்படியில இருந்து 'வந்துட்டேன்'னு கரண்டியால தட்டிச் சத்தம் குடுப்பாளுங்க, தெறக்கறதுக்கு முன்னால. அது மாதிரியே இருந்துச்சு. அப்பறம் அதைக் கேக்கறதுக்குன்னே அடிச்சனுங்க." கம்பியிலிருந்து கையை எடுத்து, "எரிச்சல்னு தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்கவே மாட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணா" என்று இவரைப் பார்த்துச் சொன்னார்.

இவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை போர்வைமேல் எதையோ தேடியது. நான் நீல டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

மலைப்பாதையில் காது அடைத்து உட்கார்ந்திருந்தவள் நான்தான். பதில் ஹாரன் என்றால் என்ன என்று என்னிடம்தான் சொன்னார், வேறு யாரிடமும் இல்லை. முப்பத்தைந்து வருடம் இவரோடு குடித்தனம் நடத்திவிட்டு, இவர் எரிச்சலில் தட்டுகிறார் என்று ஊரில் போய்ச் சொன்னேன்.

அலமாரியைத் திறந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தேன். இவர் விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன.

"நாளைக்கு அடிங்க" என்றேன் தண்டபாணியிடம். அவருக்கு உடனே புரியவில்லை. "ஹாரனை அடிங்க. பழையபடியே அடிங்க."

ஜூலை 14, திங்கள்

நான்கு மணிக்கே ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டேன். "எதுக்கும்மா, சாரல் அடிக்குது" என்றாள் நிவேதா. இருக்கட்டும் என்றேன். இவர் தலைக்கு இன்னொரு தலையணை வைத்தேன். வேன் தெருமுனை திரும்பியது எனக்கே தெரிந்துவிட்டது.

பாம்... பாம் பாம்.

இவர் கண்ணைத் திறந்தார். கை டம்ளரைத் தூக்கியது, கம்பி வரை போகவில்லை. மறுபடி முயன்றார். போர்வையிலேயே விழுந்தது. வெளியே வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, கேட் திறக்கும் சத்தம் வரவில்லை. காத்திருக்கிறார். நான் கட்டிலில் உட்கார்ந்து இவர் கையோடு டம்ளரைப் பிடித்து, இருவருமாகத் தட்டினோம். டங். டங் டங்.

வெளியே ஒரு சின்ன ஹாரன். பிறகு கேட் கிறீச்சிட்டது.

இவர் வாய் ஒரு பக்கம் கோணியது. மற்றவர்களுக்குத் தெரியாது, அது சிரிப்பு. தீபாவளிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ராத்திரிக்கு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார்.

ஜூலை 16, புதன்

இரண்டு நாளும் தட்டினோம். நேற்று என் கை கொஞ்சம், இவர் கை கொஞ்சம். இன்று முழுக்க என் கைதான்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று, ஆடி ஒன்றாம் தேதி, விடியும்போது இவர் போய்விட்டார். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி அப்போதுதான் பாட ஆரம்பித்திருந்தது. தண்டபாணி ஓடிப்போய்ச் சொல்லி நிறுத்த வைத்தாராம். எனக்கு அது நின்றதுகூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கருமாதி முடிந்தது. பந்தலில் பந்தி நடக்கும்போது புறா ரத்தத் தம்பி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நிலத் தகராறு பேசிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு மரகதம், அவருக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை" என்றாள். அவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? வீட்டுக்குப் போனால் அவளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களோடுதான் பேச்சு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிவேதா ஊருக்குக் கிளம்பினாள். கூட வரச் சொன்னாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. எங்கே இருந்தால் என்ன? எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. காலையில் பல் துலக்கினேனா என்பது நினைவில்லை.

தக்காளி வண்டி வரவில்லை. ஜோதிமணியின் மகன் இவர் போன நாளிலிருந்து பாட்டே போடவில்லையாம். மரியாதை. தெருவே எனக்காக வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கட்டில் வாடகைக்கு எடுத்தது. எடுத்துப் போக நாளைக் காலையில் ஆள் வருகிறான். மெத்தையைச் சுருட்டி வைத்தேன். கம்பியில் இவர் தட்டித் தட்டிப் பெயிண்ட் உதிர்ந்த இடம் பளபளவென்று இருக்கிறது.

டைரியைப் புரட்டிப் படித்தேன். உலகத்தில் தான் ஒருவன் மட்டும் இருப்பதாக நினைப்பவன்தான் சத்தம் போடுவான் என்று எழுதியிருக்கிறேன், பெரிய மேதாவி மாதிரி. அப்படி நினைப்பவன் சத்தம் போடுவதில்லை. அப்படி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவன்தான் போடுகிறான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேன் வந்தது. ஹாரன் இல்லை. இவர் போனதிலிருந்தே அவர் அடிப்பதில்லை, எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. கதவைத் திறந்து இறங்கும் சத்தம் கேட்டது.

டம்ளரை எடுத்தேன். மெத்தையில்லாத கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்து கம்பியில் தட்டினேன். டங். டங் டங்.

தெருவில் ஒன்றுமில்லை. அவர் உள்ளே போயிருக்கலாம். கேட்டிருக்காது. பதில் வரவில்லை என்றால் ரோடு காலி, போய்க்கொண்டே இருக்கலாம் என்று இவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இவர் போய்விட்டார். எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

அப்போது வேனின் கதவு மறுபடி திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பாம்... பாம் பாம்.

பதில் வந்தால் நிற்க வேண்டும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போடப் பாலை அடுப்பில் ஏற்றினேன்.